பத்தொன்பது நேர்காணலும் ஒரு மைக்ரோமீட்டரும்

ஓய்வு பெற்றுவிட்டேன் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்கு முப்பத்து நான்கு வயது. தட்டாஞ்சாவடியில் அளவுக்கருவிகளைச் சோதித்துச் சான்று தரும் கூடம் ஒன்றில் இந்த ஆண்டுதான் நிரந்தரப் பணியில் சேர்ந்தேன். அதற்கு முன் பன்னிரண்டு வருடம் ஒப்பந்தப் பணியாளராக இருந்தேன். ஓய்வு என்று நான் சொல்வது அந்த வாழ்க்கையிலிருந்துதான். அது சிறிய வாழ்க்கை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் பத்தொன்பது நேர்காணலுக்குப் போயிருக்கிறேன். நிரந்தர வேலையில் இருப்பவர்கள் ஆயுள் முழுக்க இரண்டோ மூன்றோ போயிருப்பார்கள்.

போன மாதம் லாஸ்பேட்டையில் நான் படித்த பாலிடெக்னிக்கிற்குக் கூப்பிட்டிருந்தார்கள். கடைசி வருட மாணவிகளிடம் பேச வேண்டும். இரண்டு மூன்று வருடமாக நேர்காணல் எல்லாம் கைப்பேசித் திரையிலேயே நடந்தது. திரைக்குப் பின்னால் ஒருவர் நின்று பதில் சொல்லிக்கொடுக்க, முன்னால் இருப்பவர் வாயசைத்து வேலை வாங்கிய கதைகள் வெளியே வந்தபிறகு, ஆலைகள் மறுபடியும் ஆளை நேரில் வரச் சொல்கின்றன. அந்தப் பெண்களுக்கு அது புதிது. என்ன உடுத்துவது, என்ன பேசுவது என்று கேட்டார்கள்.

"ஒரு மணி நேரம் முன்னாடியே போயிடுங்க. போனதும் பையிலேர்ந்து உங்க வெர்னியரோ மைக்ரோமீட்டரோ, எது வெச்சிருக்கீங்களோ, அந்தப் பெட்டிய எடுத்து மேசை மேல வெச்சித் தொறந்து வெய்யுங்க. அப்புறம் அதத் தொடாதீங்க" என்றேன்.

"ஏங்கா, அதுக்கு வேர்க்குமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

பாகூர் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து மணியைக் கணக்கில் வைத்து எழுந்த முதல் ஆள் நான். இயந்திரவியல் பட்டயப் படிப்பில் எங்கள் வகுப்பில் மூன்று பெண்கள் இருந்தோம். மற்ற இருவருக்கும் வரைபடம் பிடித்தது. எனக்கு அளப்பது பிடித்தது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனே எழுபது மைக்ரானுக்கு அருகில் வரும். அந்த அளவில் ஒரு இரும்புத் துண்டு சரியா தப்பா என்று சொல்ல முடிகிறது என்பதே எனக்கு அப்போது பெரிய அதிசயம். படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவு போதும்.

வேலை என்று வந்தபோது, ஆலைகள் எங்களை நேராக எடுக்கவில்லை. இடையில் ஆள் அனுப்பும் ஏஜென்சி இருந்தது. பதினோரு மாதம் ஒப்பந்தம், அது முடிந்ததும் வெளியே. அடுத்த ஆலைக்கு மறுபடி நேர்காணல். அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை.

"ஏன்டி, ஒரு பொண்ண எத்தினி வாட்டிதான் வந்து பாப்பானுங்க? சொஜ்ஜி பஜ்ஜி மட்டுந்தான் கொறச்சல்" என்பாள்.

"நான்தாம்மா போயி அவங்களப் பாத்துட்டு வரேன்."

"இது வேறயா!"

விளையாட்டாகச் சொன்னாலும் அது உண்மை. நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். நேர்காணலுக்கு முந்தின நாள் மாலை, ஷிப்ட் முடியும் நேரத்துக்கு அந்த ஆலையின் வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் நின்றுகொள்வேன். வெளியே வருகிறவர்களின் காலைப் பார்ப்பேன். பாதுகாப்புக் காலணி போட்டிருந்தால் உள்ளே ஒழுங்கு இருக்கிறது. ரப்பர் செருப்போடு வந்தால் சுவரில் ஒட்டியிருக்கும் விதிகள் எல்லாம் சுவருக்குத்தான். பிறகு கழிவுத் தொட்டி. பெரும்பாலும் மதில் ஓரமாகவே கிடக்கும். கடைசல் இயந்திரத்திலிருந்து வரும் இரும்புச் சுருளின் நிறம், ஒதுக்கிய துண்டுகள் எந்த இடத்தில் கெட்டிருக்கின்றன, இவற்றைப் பார்த்தால் மறுநாள் எதைக் கேட்பார்கள் என்று பாதி தெரிந்துவிடும். உள்ளே போய் அதைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது. ஒருமுறை சொல்லிவிட்டேன். வேவு பார்க்க வந்தவளைப் போல வெளியே அனுப்பினார்கள். அது ஆறாவது நேர்காணல்.

சான்றிதழ் கோப்பில் மேலே மதிப்பெண் பட்டியல் வைக்க மாட்டேன். கடைசியாக வேலை பார்த்த இடத்தில் நான் நிரப்பிய அளவுத் தாளின் மாதிரிதான் மேலே இருக்கும். ஆலையின் பெயரையும் பொருளின் பெயரையும் மறைத்து எடுத்தது. எழுத்தும் எண்ணும் அடித்தல் இல்லாமல் இருக்கும். கோப்புக்குப் பக்கத்தில் என் சொந்த மைக்ரோமீட்டர். முதல் ஒப்பந்தம் முடிந்தபோது நானே வாங்கியது, மைக்ரான் வரை எண்ணில் காட்டும் வகை. ஒப்பந்த ஆட்கள் கருவி கொண்டுவருவது வழக்கம்தான், ஆனால் பலரும் அவ்வளவு நுணுக்கமாகக் காட்டாத பழைய வெர்னியர்தான் வைத்திருப்பார்கள். என்னுடையதை வருடம் தவறாமல் சோதனைக்கு அனுப்பிச் சான்று வாங்கி வைப்பேன். அந்தப் பெட்டியைத் திறக்கும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். மறைத்து என்ன ஆகப்போகிறது.

இப்போது அந்தப் பதினோராவது நேர்காணலுக்கு வருகிறேன்.

எங்கள் ஏஜென்சியில் ஏழுமலை அண்ணன்தான் ஆள் அனுப்புகிறவர். கெட்டவர் இல்லை. காலையில் பத்து ஆலையிலிருந்து போன் வரும், பத்துக்கும் ஆள் கொடுத்தாக வேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை. பெண் என்றால் பேக்கிங்குக்கு, ஆண் என்றால் இயந்திரத்துக்கு என்று அவருக்குக் கை பழகியிருந்தது. அந்த மே மாதம் அவரிடம் போய் நின்றேன். வண்டிகளுக்கான தண்டுகள் செய்யும் ஆலையில் அளவு அறைக்கு ஒரு ஆள் கேட்டிருப்பது எனக்குத் தெரியும்.

"இதப் பாரும்மா, அங்க இதுவரிக்கும் பொம்பள ஆளுங்க போனதில்ல. உனக்குப் பாட்டில் கம்பெனியில பேக்கிங் ரெடியா இருக்கு. ஏசி வேற" என்றார்.

"பேக்கிங்ல போட்டா ரெஜிஸ்டர்ல ஹெல்பர்னு எழுதுவீங்களாண்ணே?"

"அதான் வழக்கம்."

"அப்புறம் அளவு அறைக்கு ஆள் கேட்டா, ஹெல்பர அனுப்புவீங்களா?"

அவர் மேசையிலிருந்த பதிவேட்டைப் புரட்டினார். என் பேச்சு எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். அந்தப் பதிவேட்டில் ஒருமுறை ஹெல்பர் என்று விழுந்துவிட்டால், அங்கிருந்து அளவு அறைக்குத் திரும்பி வந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. என்னோடு படித்த இரண்டு பெண்களும் அப்படித்தான் போனார்கள்.

"சரி, ஒரே ஒரு சான்ஸ். வியாழக்கிழமை பதினொன்னரைக்கு இன்டர்வியூ. ஊத்திக்கிச்சின்னா வெள்ளிக்கிழமை நீ பாட்டில் கம்பெனி கேட்ல நிக்கணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன்.

பதினொன்றரை என்றால் பதினொன்று இருபத்தைந்துக்குப் போய் நிற்பது அப்போது என் வழக்கம். முன்னாலேயே போய்க் காத்திருப்பது கெஞ்சுவது போல இருக்கும் என்று ஒரு நினைப்பு. அன்று பாகூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்தேன். கோப்பு கசங்கக்கூடாது என்று முதுகுப் பையில் வைத்திருந்தேன். மைக்ரோமீட்டர் பெட்டி அடிபடக்கூடாது என்று சீட்டுக்கு அடியில், துணி சுற்றி. நகரத்துக்குள் நுழையும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. வெயிலில் கால் மணி நேரம். ஆலை வாசலை அடைந்தபோது சரியாகப் பதினொன்றரை. ஏழுமலை அண்ணன் காவலாளி அறை நிழலில் கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். பெட்டியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன்.

தர மேலாளர் பெயர் நூருல் அமீன். ஐம்பது வயது இருக்கும். நகரத்துக்காரர். அவரிடம் ஒரு முறை உண்டு, அந்த ஆலையில் அனைவரும் அதைப் பற்றிப் பேசுவார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். யார் எதைச் சொல்ல வந்தாலும், "சொல்லாதீங்க, எழுதுங்க" என்பார். திட்ட மாட்டார், பாராட்டவும் மாட்டார். ஒரு தாளை நம் பக்கம் நகர்த்துவார். எழுதியதை வாசிப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒப்பந்த ஆள், நிரந்தர ஆள், இயக்குநர் எல்லோருக்கும் ஒரே "வாங்க, போங்க"தான். குரலும் ஒரே உயரம்.

அளவு அறையிலேயே என்னை உட்காரவைத்தார். குளிரூட்டிய அறை, நடுவில் கறுப்பு கிரானைட் மேடை. அறையின் வெப்பநிலை சுவரில் ஒரு பலகையில் தெரிந்தது, இருபது டிகிரி. பையை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் இரண்டு மூன்று கேள்வி கேட்டார். நான் பதில் எழுதினேன். அதுவரை அவர் கையில் ஒரு சிறு தண்டுத் துண்டை வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அதை என் முன்னால் நீட்டினார்.

"அளங்க."

நான் வாங்கவில்லை. "சார், அதக் கொஞ்ச நேரம் மேடையில வெச்சிடலாமா? இவ்ளோ நேரம் உங்க கையில இருந்திச்சி. சூட்டுல பெரிசாக் காட்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துண்டை மேடையில் வைத்தார். இருபது நிமிடம் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வேலை கிடைத்துவிட்டது என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. மடியில் பையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

அந்தத் தண்டின் விட்டம் இருபத்தைந்து மில்லிமீட்டர். கூடவோ குறையவோ ஐந்து மைக்ரான் வரை போகலாம். அதைத் தாண்டினால் ஒதுக்க வேண்டும். ஆலையின் மைக்ரோமீட்டரால் அளந்தேன். இரண்டு மைக்ரான் குறைவு. நல்ல துண்டு. எழுதினேன். அங்கே நிறுத்தியிருக்கலாம்.

"சார், என்னோடதுலயும் ஒரு வாட்டி பாக்கட்டுமா?"

தலையசைத்தார். பையிலிருந்து பெட்டியை எடுத்தேன், திறந்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன். முதலில் தாடைகளை வெறுமனே மூடிச் சுழியம் சரிபார்த்தேன். சரியாகச் சுழியம். அளந்தேன். எட்டு மைக்ரான் குறைவு. மறுபடி. எட்டு. மூன்றாவது முறையும் எட்டு. ஆலையின் கருவிக்கும் என் கருவிக்கும் ஆறு மைக்ரான் வித்தியாசம். என் கணக்கில் அது ஒதுக்க வேண்டிய துண்டு.

"உங்க மைக்ரோமீட்டர் தப்பா காட்டுது சார்" என்றேன்.

"சொல்லாதீங்க. எழுதுங்க."

எழுதினேன். இந்தத் துண்டு எந்த லாட்டிலிருந்து, அதாவது ஒன்றாகச் செய்த எந்தத் தொகுதியிலிருந்து, வந்ததோ அதை நிறுத்திவைக்க வேண்டும் என்றும் எழுதினேன். அவர் கேட்காமலே எழுதினேன். வாசித்தார். ஒரு சிவப்புப் பதிவேட்டை எடுத்து வைத்து, அதிலும் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். ஆலையின் மைக்ரோமீட்டரையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இரண்டு நிமிடத்தில் ஏழுமலை அண்ணன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வர அனுமதி இல்லை. கதவை லேசாகத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"என்னாம்மா பண்ணித் தொலைச்ச? கேட்ல சரக்கு ஏத்தி நின்ன லாரிய நிறுத்திட்டானுங்க! டிரைவர் கத்தறான்!"

"லாட்டு தப்புண்ணே."

"நீ இன்டர்வியூக்கு வந்தியா, ஆடிட்டுக்கு வந்தியா? இனிமே இந்தக் கம்பெனிக்காரன் எனக்கு போன் பண்ணுவானா?"

"தப்பத் தப்புன்னு சொல்லத்தானேண்ணே அளவு அறைக்கு ஆளு?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் நாள், வேலையில் சேரும் முன்னாலேயே ஒரு லாரியை நிறுத்திவிட்டேன். அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

நேரம் போனது. சும்மா இருக்க முடியாமல், நான்காவது முறையாக ஓர் அளவு எடுத்து எழுதிவைக்கலாம் என்று மேடையில் கிடந்த என் மைக்ரோமீட்டரை எடுத்தேன். ஐந்து மைக்ரான் குறைவு என்று காட்டியது. தூசி என்று நினைத்துத் துடைத்தேன். இன்னும் சிறிது நேரம் கழித்துப் பார்த்தேன். மூன்று. தண்டு வளர்கிறதா என்ன?

அப்போதுதான் திறந்து கிடந்த பெட்டியைத் தொட்டேன். உள்ளே இருந்த பஞ்சு மெத்தை வெதுவெதுப்பாக இருந்தது.

ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில்தான் இன்ஜின் இருக்கிறது. மேலே மே மாத வெயில். அந்தப் பெட்டி அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் வெந்திருக்கிறது. பிறகு துணி சுற்றி, பைக்குள் போட்டு, என் மடியில் அடைகாத்திருக்கிறேன். சூடான அளவுகோல் தானே நீண்டுவிடுகிறது. அதனால் அளக்கும் பொருளைச் சிறியதாகக் காட்டுகிறது. முழுக் கருவியும் ஒரே சீராகச் சூடாகியிருந்ததால் சுழியம் மட்டும் சரியாகவே இருந்தது. அதை நம்பினேன். அவர் கையின் சூட்டைக் கண்டுபிடித்தவள், என் பையின் சூட்டை நினைக்கவே இல்லை.

இன்னும் ஒரு முறை அளந்தேன். இரண்டு. ஆலையின் கருவி சொன்ன அதே இரண்டு.

அந்த அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். என்ன யோசித்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். சும்மா இருந்துவிடலாம். ஆலையின் மைக்ரோமீட்டரை வெளியே சோதனைக்கு அனுப்புவார்கள், நாளையோ மறுநாளோ சரியாக இருக்கிறது என்று வரும். அதற்குள் இந்தப் பெண் கவனமானவள் என்று வேலை கொடுத்திருப்பார்கள். ஆறு மைக்ரான் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. போய்ச் சொன்னால் வெள்ளிக்கிழமை பாட்டில் கம்பெனி வாசல். ஹெல்பர்.

வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். நீளமாக அடித்தார். அந்த லாரி நிற்பது நான் எழுதிய ஒரு வரியால். அந்த வரி தப்பு. அது இங்கே தெரிந்த ஒரே ஆள் நான். நான் படித்தது இதற்காகத்தான் என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. ஒரு தப்பான எண் தாளில் என் கையெழுத்தில் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

எழுந்து போனேன். இயந்திரங்கள் ஓடும் தளத்தில் மஞ்சள் கோட்டுக்கு அப்பால் பாதுகாப்புக் காலணி இல்லாமல் போகக்கூடாது. கோட்டில் நின்றுகொண்டேன். தளத்தின் மறுமுனை வாசலில் லாரிக்குப் பக்கத்தில் தர மேலாளர் நின்றிருந்தார்.

"சார்!" என்று கத்தினேன். இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். "சார், தப்பு என்னோடது! என் மைக்ரோமீட்டர் சூடா இருந்திச்சி!"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மெதுவாக நடந்து வந்தார்.

"சொல்லாதீங்க" என்றார்.

"எழுதறேன் சார்."

அறைக்குத் திரும்பினோம். மேசையில் இன்னொரு மைக்ரோமீட்டரையும் ஒரு தாளையும் வைத்தார். அதில் அதே லாட்டின் வேறு நான்கு தண்டுகளை இரண்டு கருவியிலும் அளந்த கணக்கு அவருடைய கையெழுத்தில் இருந்தது. எல்லாம் இரண்டு மைக்ரான் குறைவு. எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அப்புறம் ஏன் சார் லாரிய விடல?"

"நிறுத்துன்னு யார் எழுதினாங்களோ, அவங்கதான் விடுன்னு எழுதணும். இங்க அதான் ரூல். நான் எழுதினாலும் அப்படித்தான்." சிவப்புப் பதிவேட்டைத் திருப்பி என் முன்னால் வைத்தார். "எவ்ளோ நேரம் ஆகும்னு பாத்துட்டிருந்தேன்."

எழுதினேன். என்ன தப்பு: தவறான அளவு. காரணம்: கருவி வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் இருந்தது, அறையின் குளிருக்கு வரும் முன்பு அளந்தேன். திருத்தம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில், இனி ஒரு மணி நேரம் முன்னதாக வருவேன், கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்து மேடையில் வைத்த பிறகே அளப்பேன் என்று எழுதினேன். லாட்டை விடுவிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"வருவேன்னு எழுதியிருக்கீங்க. வேலை குடுத்துட்டேனா?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "எங்க போனாலும் அப்படித்தான் சார் போவேன். அடிச்சி வேற எழுதட்டுமா?"

"ரெஜிஸ்டர்ல அடிக்கக் கூடாது." கண்ணாடியைத் துடைத்து முடித்தார். "இதுல கையெழுத்து போட்டவங்க இங்க வேலை செய்யறவங்களா இருக்கணும். இல்லன்னா ஆடிட்ல என்னக் கேப்பாங்க. திங்கக்கிழமை ஏழு மணிக்கு ஷிப்ட். நீங்க ஆறுக்கு வந்துருவீங்க இல்ல?"

லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. ஏழுமலை அண்ணன் வாசலில் என்னைப் பார்த்ததும், "வெள்ளிக்கிழமை காலையில..." என்று ஆரம்பித்தார்.

"திங்கக்கிழமைண்ணே. அளவு அறை."

"லாரிய நிறுத்துனதுக்கா?"

"விட்டதுக்கு."

அவருக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த வருடமே பாட்டில் பேக்கிங்கிலிருந்து என்னுடன் படித்த ஒரு பெண்ணை வேறொரு ஆலையின் அளவு அறை நேர்காணலுக்கு அவரே அனுப்பினார்.

அங்கே என் பதினோரு மாத ஒப்பந்தத்தை மூன்று முறை புதுப்பித்தார்கள். அதன் பிறகும் எட்டு நேர்காணல்களுக்குப் போனேன். சிலவற்றில் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்றுக்கும் தாமதமாகவோ சரியான நேரத்துக்கோ போகவில்லை.

இப்போது எங்கள் சோதனைக்கூடத்துக்கு ஒப்பந்த ஆட்களை எடுக்கும் நேர்காணலில் நானும் உட்காருகிறேன். சென்ற புதன்கிழமை பத்து மணிக்கு ஒரு பெண்ணை வரச்சொல்லியிருந்தோம். லாஸ்பேட்டை பாலிடெக்னிக்கில் அன்று பின்வரிசையிலிருந்து வேர்க்குமா என்று கேட்ட பெண்தான் அவள், வரவேற்பில் பேசிய குரலைக் கேட்டதும் தெரிந்தது. ஒன்பது மணிக்கு வந்துவிட்டாள். காத்திருக்கும் அறையின் கண்ணாடி வழியே பார்த்தேன். மேசை மேல் வெர்னியர் பெட்டி திறந்து கிடந்தது. அவள் இரண்டு நாற்காலி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு, அதைத் தொட்டுவிடுவோமோ என்று பயந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

கேள்வித் தாளில் முதல் கேள்வி, அளக்கும் முன் கருவியை என்ன செய்வீர்கள் என்பது; அதை அடித்துவிட்டேன். பிறகு மேசையிலிருந்து ஒரு தண்டுத் துண்டை எடுத்து, உள்ளங்கையில் இறுக்கி மூடிக்கொண்டு, பத்து மணி ஆகட்டும் என்று காத்திருந்தேன்.